விஎம்முக்குள் ஹைப்பர்வைசர் ஓட மறுத்தால் கீழ் அடுக்கிலிருந்து தேடுங்கள்

கிளஸ்டர் (ஒரே தொகுதியாக இயங்கும் பல சர்வர்கள்) பழகுகிறவர்களுக்காக ஒரு சோதனைக்கூடத்தைப் பராமரிப்பது என் வேலையில் ஒரு பகுதி. ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசர் மென்பொருள் ஓடும் மூன்று நோடுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னச் சின்ன லினக்ஸ் விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள். ஒரு நோடைத் திடீரென்று அணைத்தால், அதில் ஓடிக்கொண்டிருந்த விஎம் அடுத்த நோடில் எழுகிறதா என்று பார்த்துப் பழக வேண்டும். மூன்றுக்கும் தனித்தனி சர்வர் கிடையாது. மூன்றுமே ஒரே லினக்ஸ் சர்வரில், லினக்ஸ் கெர்னலிலேயே உள்ள கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் மேல் ஓடும் விஎம்கள்தான். விஎம்களை உருவாக்கி இயக்கும் மென்பொருள்தான் ஹைப்பர்வைசர்; இங்கே ஹைப்பர்வைசருக்குள் இன்னொரு ஹைப்பர்வைசர். நெஸ்டெட் விர்ச்சுவலைசேஷன் என்பது இதுதான்.

சரியாக ஓடும்போது இது போல வசதியான ஏற்பாடு வேறில்லை. எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம். ஓடாதபோதுதான் தலைவலி. என்னிடம் உதவி கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் பிழைச் செய்தி தெரிகிற இடத்தையே குடைந்துகொண்டிருப்பார்கள். காரணமோ அதற்குக் கீழே, சில நேரம் இரண்டு அடுக்கு கீழே இருக்கும். அதனால் எந்த அமைப்பையும் மாற்றுவதற்கு முன் அடியிலிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கேட்டுக்கொண்டே மேலே வர வேண்டும் என்பதை வற்புறுத்தவே இதை எழுதுகிறேன்.

பேச வசதியாக, கேவிஎம் ஆவணங்களில் உள்ள பெயர்களையே வைத்துக்கொள்வோம். நிஜக் கணினியின் மேல் நேராக ஓடும் ஹைப்பர்வைசர் எல்-0. அதன் விஎம்முக்குள் ஓடும் ஹைப்பர்வைசர் எல்-1. அதற்கும் உள்ளே ஓடும் விஎம் எல்-2.

விஎம்களை இயக்க ப்ராசஸரே தரும் வசதிகளில், இன்டெலின் விடி-எக்ஸ் 2005இன் இறுதியில் வந்தது, ஏஎம்டி-வி 2006இல். இரண்டிலும் ப்ராசஸர் அறிந்தது ஒரே ஒரு ஹைப்பர்வைசர் அடுக்கைத்தான். ஆகவே எல்-1 தன் விஎம்மை இயக்குவதற்காகக் கொடுக்கும் விஎம்எக்ஸ் கட்டளைகளை (விடி-எக்ஸின் ப்ராசஸர் கட்டளைகள்) எல்-0 இடைமறித்து, தானே அவற்றைச் செய்து காட்டுகிறது. எல்-2 எப்படி இருக்க வேண்டும் என்று எல்-1 எழுதி வைத்த விஎம்சிஎஸ் என்ற தரவுக் கட்டமைப்பைப் படித்து, தன்னுடைய விவரங்களோடு சேர்த்து, ப்ராசஸரிடம் கொடுக்க இன்னொரு விஎம்சிஎஸ்ஸைத் தயாரிக்கிறது. இன்டெல் ப்ராசஸரில் இதைக் கேவிஎம் கொண்டு செய்ய முடியும் என்று காட்டியது, ஐபிஎம் ஆய்வாளர்கள் டர்டில்ஸ் என்ற பெயரில் 2010இல் வெளியிட்ட பணி.

இதிலிருந்து பிழை தேடுகிறவருக்குக் கிடைக்கும் செய்தி ஒன்று உண்டு. எல்-1க்குள் தெரியும் விஎம்எக்ஸ் கொடி (அந்த வசதி உண்டு என்ற குறி) ப்ராசஸரிலிருந்து நேராக வருவதில்லை. எல்-0 காட்டினால் தெரியும், காட்டாவிட்டால் தெரியாது. எல்-1க்குள் எத்தனை பேக்கேஜை மாற்றி நிறுவினாலும் எல்-0 தராத ஒன்றை அங்கே உண்டாக்க முடியாது.

ப்ராக்ஸ்மாக்ஸில் எல்-2வை இயக்கும்போது, கேவிஎம் கிடைக்கவில்லை, விஎம் அமைப்பில் அதை நிறுத்துங்கள் அல்லது பயாஸில் இயக்குங்கள் என்ற பொருளில் ஒரு செய்தி வரும். நேரடியான சர்வரில் அது மிகச் சரியான ஆலோசனை. நெஸ்டெட்டில் அதே வரி ஆளைத் திசைதிருப்பிவிடும். இங்கே பயாஸ் என்று சொல்லப்படுவது விஎம்மின் பொய் பயாஸ். அதில் அப்படி ஓர் அமைப்பே இருக்காது. எனவே பலர் முதல் யோசனையை எடுத்துக்கொண்டு கேவிஎம்மை நிறுத்திவிடுகிறார்கள். விஎம் எழுந்துவிடும், செய்தியும் மறைந்துவிடும். ஆனால் அது இப்போது டிசிஜி என்ற மென்பொருள் எமுலேஷனில் ஓடுகிறது. ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட்டு ஓடும். லினக்ஸ் நிறுவல் ஊர்ந்துகொண்டே போகும், எஸ்எஸ்எச் உள்நுழைவு நேரம் தாண்டி அறுந்துபோகும், கிளஸ்டர் சேவைகள் ஒன்றையொன்று செத்துவிட்டதாக நினைக்கும். பிறகு ஆட்கள் டிஸ்க் வேகத்தை, நெட்வொர்க்கை, கிளஸ்டர் மென்பொருளைச் சந்தேகிக்கத் தொடங்குவார்கள். ஓடவே மறுக்கும் விஎம்மை விட, இப்படிச் சத்தமில்லாமல் டிசிஜிக்குப் போன விஎம்தான் அதிக நேரத்தைத் தின்னும் என்பது என் அனுபவம். விஎம்மை இயக்கும் நிரலான க்யூஎமுவின் கட்டளையைக் கையால் எழுதுகிறவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு. கேவிஎம் வேண்டும் என்று சொல்லாமல் விட்டால் அது வழக்கமாக டிசிஜியைத்தான் எடுக்கும்.

எல்-2 எதில் ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. எல்-2வின் உள்ளே நுழைந்து சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட் என்ற கட்டளையைக் கொடுங்கள். கேவிஎம் என்று வந்தால் நல்லது. க்யூஎமு என்று மட்டும் வந்தால் அது டிசிஜி. வேகத்தைப் பற்றிய எந்தப் பேச்சுக்கும் முன் நான் இதைத்தான் செய்து பார்க்கச் சொல்வேன்.

சரி, இப்போது அடியிலிருந்து வருவோம்.

எல்-0 லினக்ஸாக இருந்தால், முதலில் அதிலேயே சாதாரண விஎம் ஒன்று கேவிஎம்மோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் நிஜ பயாஸைப் பற்றிய கவலை முடிந்தது. அடுத்து, கெர்னல் மாட்யூலின் நெஸ்டெட் என்ற அளவுரு. சிஸ் அடைவின் கீழ், மாட்யூல் பகுதியில், இன்டெலுக்குக் கேவிஎம்-இன்டெல், ஏஎம்டிக்குக் கேவிஎம்-ஏஎம்டி என்ற பெயரில் இருக்கும். ஒய் அல்லது 1 என்றால் இயங்குகிறது. இன்டெலில் கெர்னல் 4.20 முதல் இது இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது. ஏஎம்டியில் அதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே அப்படித்தான். பழைய கெர்னலோடு ஓடும் சர்வர்களில்தான் என் என்று பார்க்க நேரும். அப்போது மாட்ப்ரோப் அமைப்புக் கோப்பில் நெஸ்டெட் சமம் 1 என்று எழுதி, மாட்யூலை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டும். ஏதாவது ஒரு விஎம் ஓடிக்கொண்டிருந்தாலும் மாட்யூல் இறங்காது, அதனால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் விஎம்மின் சிபியு வகை. நான் பார்க்கிற சிக்கல்களில் அதிகம் மாட்டுகிற இடம் இதுதான். எல்-0இல் நெஸ்டெட் இயங்கினாலும், எல்-1க்கு க்யூஎமுவின் பொதுவான சிபியு மாதிரியைக் கொடுத்திருந்தால் விஎம்எக்ஸ் கொடி உள்ளே போகாது. ஹோஸ்ட் பாஸ்த்ரூ என்று மாற்ற வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸே எல்-0வாக இருந்தால் சிபியு வகையை ஹோஸ்ட் என்று வைக்க வேண்டும். மாற்றிய பிறகு எல்-1க்குள் போய் ரீபூட் கொடுத்தால் போதாது. உள்ளிருந்து செய்யும் ரீபூட்டில் வெளியே அதே க்யூஎமு ப்ராசஸ்தான் தொடர்ந்து ஓடுகிறது, சிபியுவும் பழையதாகவே இருக்கும். விஎம்மை முழுவதும் அணைத்து, வெளியிலிருந்து மறுபடி இயக்க வேண்டும். “மாற்றிவிட்டேன், ஆனாலும் வரவில்லை” என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் முதல் கேள்வி, அணைத்து இயக்கினீர்களா என்பதுதான்.

இப்போது எல்-1க்குள் வரலாம். ப்ராக் அடைவில் சிபியுஇன்ஃபோ கோப்பில் விஎம்எக்ஸ் (இன்டெல்) அல்லது எஸ்விஎம் (ஏஎம்டி) என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் டெவ் அடைவில் கேவிஎம் என்ற சாதனக் கோப்பு உண்டாகியிருக்கிறதா? கொடி இருந்து சாதனக் கோப்பு இல்லை என்றால் டிமெசெஜ் கட்டளை காட்டும் கெர்னல் செய்திகளைப் படியுங்கள். பயாஸ் நிறுத்தி வைத்திருக்கிறது என்ற வரி தெரிந்தால், காரணம் 58ஆம் எண் எம்எஸ்ஆர் (ப்ராசஸரின் உள் அமைப்புகளை வைத்திருக்கும் பதிவேடு). பதினாறடிமானத்தில் 3ஏ. அதன் கடைசி பிட் பூட்டு, அதிலிருந்து மூன்றாவது பிட் விஎம்எக்ஸுக்கான அனுமதி. மதிப்பு 5 என்றால் அனுமதித்துப் பூட்டியிருக்கிறது. 1 என்றால் அனுமதிக்காமலே பூட்டியிருக்கிறது. நிஜக் கணினியில் பயாஸ் செய்யும் இந்த வேலையை விஎம்முக்குள் அதன் ஃபர்ம்வேர் செய்கிறது. ஃபர்ம்வேர் பூட்டாமல் விட்டுவைத்தால் கெர்னல் 5.6 முதல் லினக்ஸ் தானே அனுமதித்துப் பூட்டிக்கொள்ளும். அனுமதியில்லாமல் பூட்டியிருந்தால் அதே கெர்னல் சிபியுஇன்ஃபோவிலிருந்து விஎம்எக்ஸ் கொடியையே எடுத்துவிடும். பழைய கெர்னலில் கொடி மட்டும் தெரிந்துகொண்டிருக்கும். பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு கொடியை மட்டும் நம்புகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

கேவிஎம் சாதனக் கோப்பும் இருந்து, சாதாரண பயனராக இயக்கும்போது மட்டும் அனுமதி மறுப்பு வந்தால், அந்தப் பயனரைக் கேவிஎம் குழுவில் சேர்த்துவிட்டு மறுபடி உள்நுழையுங்கள். இது நெஸ்டெட் சிக்கலே அல்ல.

எல்-0 விண்டோஸாக இருந்தால் கதை வேறு மாதிரி போகும். விண்டோஸ் லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸோ விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனோ போட்டிருப்பார்கள், விண்டோஸின் சொந்த ஹைப்பர்வைசரான ஹைப்பர்-வி நிறுவியதே இல்லை என்று உறுதியாகச் சொல்வார்கள். ஆனால் விண்டோஸுக்குள் லினக்ஸை இயக்கும் டபிள்யூஎஸ்எல் 2 இருக்கும், அல்லது மெமரி இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்பு வசதி இயங்கிக்கொண்டிருக்கும். இவை எல்லாமே அடியில் விண்டோஸ் ஹைப்பர்வைசரைத் தொடங்கிவிடுகின்றன. விடி-எக்ஸ் அதன் கையில் போய்விடும். நீங்கள் எல்-0 என்று நினைத்துக்கொண்டிருக்கும் விர்ச்சுவல்பாக்ஸ், விண்டோஸ் தரும் இடைமுகம் வழியாக ஓடும். அந்த நிலையில் விர்ச்சுவல்பாக்ஸ் சன்னலின் கீழே ஆமைப் படம் தெரியும். விஎம்வேரில், விர்ச்சுவலைஸ்டு விடி-எக்ஸுக்கு இந்தத் தளத்தில் ஆதரவில்லை என்ற செய்தி வரும். எம்எஸ்இன்ஃபோ32ஐத் திறந்து கடைசி வரிகளைப் பாருங்கள். ஹைப்பர்வைசர் கண்டறியப்பட்டது என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் தீர்வு, பிசிடிஎடிட் கட்டளையால் ஹைப்பர்வைசர் தொடங்குவதையே நிறுத்துவது. சொந்தக் கணினியில், டபிள்யூஎஸ்எல் 2 தேவையில்லை என்றால் செய்யலாம். அலுவலகக் கணினியில் செய்ய வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மெமரி இன்டெக்ரிட்டியும் கிரெடென்ஷியல் கார்டும் அங்கே நல்ல காரணத்துக்காக வைக்கப்பட்டவை. ஒரு பயிற்சி லேபுக்காகக் கடவுச்சொல் பாதுகாப்பைக் கழற்றுவது நியாயமான பேரம் இல்லை. அதற்குப் பதில் ஹைப்பர்-வியையே எல்-0வாக ஏற்றுக்கொள்ளுங்கள். விஎம்மை அணைத்துவிட்டு, பவர்ஷெல்லில் செட்-விஎம்ப்ராசஸர் கட்டளையோடு எக்ஸ்போஸ்-விர்ச்சுவலைசேஷன்-எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற தேர்வை ட்ரூ என்று கொடுத்தால் போதும். இன்டெலில் விண்டோஸ் 10, சர்வர் 2016 முதலே இது உண்டு. ஏஎம்டி ப்ராசஸருக்கு விண்டோஸ் 11 அல்லது சர்வர் 2022 வேண்டும். டைனமிக் மெமரியை நிறுத்தி நிலையான அளவைக் கொடுத்துவிடுங்கள், உள்ளே ஹைப்பர்வைசர் ஓடும்போது மெமரி அளவு மாறாது.

விர்ச்சுவல்பாக்ஸில் நெஸ்டெட் ஏஎம்டிக்கு 6.0 பதிப்பிலும் இன்டெலுக்கு 6.1 பதிப்பிலும் வந்தது. தேர்வுப்பெட்டி மங்கலாகத் தெரிந்தால் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையின் மாடிஃபைவிஎம் வழியாக நெஸ்டெட்-எச்டபிள்யூ-விர்ட் என்பதை ஆன் செய்து பாருங்கள்.

இதே விஷயம் தலைகீழாகவும் வரும், இதை அறிந்தவர்கள் குறைவு. லினக்ஸ் எல்-0இல் ஒரு விண்டோஸ் விஎம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். வேகம் கூடும் என்று சிபியு வகையை ஹோஸ்ட் என்று மாற்றுவார்கள். அதன் பிறகு அது மந்தமாகிவிடும். காரணம், விண்டோஸுக்கு இப்போது விஎம்எக்ஸ் தெரிகிறது, உடனே ஹைப்பர்வைசரைச் சார்ந்த தன் விபிஎஸ் பாதுகாப்பை எழுப்புகிறது, அதற்காக உள்ளே ஹைப்பர்-வி தொடங்குகிறது. நீங்கள் கேட்காமலேயே அந்த விஎம் நெஸ்டெட் ஆகிவிட்டது. அந்த விஎம்முக்குள் ஹைப்பர்வைசர் தேவையில்லை என்றால், ஹோஸ்ட் பாஸ்த்ரூவை வைத்துக்கொண்டு விஎம்எக்ஸ் என்ற ஒரு கொடியை மட்டும் மறைத்துவிடுங்கள். லிப்விர்ட்டில் (விஎம்களை நிர்வகிக்கும் மென்பொருள்) அந்த அம்சத்துக்கு டிஸேபிள் என்ற கொள்கையைக் கொடுத்தால் ஆயிற்று.

எல்-2 கேவிஎம்மோடு எழுந்துவிட்டது, ஆனால் நெட்வொர்க் இல்லை. இது அடுத்த பெரிய வாசல். எல்-2வுக்கு ஒரு மேக் முகவரி இருக்கிறது, எல்-1க்கு வேறொன்று. எல்-1 பிரிட்ஜ் போட்டு எல்-2வின் சட்டகங்களை வெளியே அனுப்பும்போது, எல்-0இன் சுவிட்ச் பார்வையில் ஒரே போர்ட்டிலிருந்து அறிமுகமில்லாத மேக் முகவரி வருகிறது. பல மெய்நிகர் சுவிட்சுகள் இதைத் தடுக்கும். ஹைப்பர்-வியில் மேக் அட்ரஸ் ஸ்பூஃபிங்கை அனுமதிக்க வேண்டும். எல்-0 விஎம்வேரின் இஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசர் என்றால் போர்ட் குழுவில் ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ், ப்ராமிஸ்குயஸ் மோட் இரண்டையும் பார்க்க வேண்டும்.

எது தடுக்கிறது என்று ஊகிக்க வேண்டிய தேவையே இல்லை. எல்-2விலிருந்து கேட்வேயைப் பிங் செய்துகொண்டே, எல்-1இன் வெளி இடைமுகத்திலும் அதற்கு வெளியே இருக்கும் ஒரு கணினியிலும் டிசிபிடம்ப் வைத்து ஏஆர்பியை (ஒரு ஐபிக்கு உரிய மேக் முகவரி எது என்ற கேள்வியும் பதிலும்) மட்டும் பாருங்கள். கேள்வி எல்-1ஐ விட்டுப் புறப்பட்டு வெளியே வந்து சேரவில்லை என்றால் அனுப்பும் திசையில் தடை, அது ஃபோர்ஜ்டு டிரான்ஸ்மிட்ஸ். கேள்வி வெளியே வந்து, பதிலும் கொடுக்கப்பட்டு, அந்தப் பதில் எல்-1க்கு வரவில்லை என்றால் வாங்கும் திசையில் தடை, அது ப்ராமிஸ்குயஸ் மோட். இப்படித் திசையைக் கண்டுபிடிக்காமல் எல்லாப் பாதுகாப்பு அமைப்புகளையும் திறந்துவிடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம், பிறகு யாரும் அவற்றை மூடுவதே இல்லை. வைஃபை மேல் பிரிட்ஜ் போட முயல்கிறவர்களுக்கு ஒன்று: அக்சஸ் பாயின்ட் பொதுவாகத் தன்னோடு இணைந்த மேக் முகவரியைத் தவிர வேறொன்றை ஏற்காது. அங்கே நேட் தான் வழி.

லிப்விர்ட்டை எல்-0, எல்-1 இரண்டிலும் போடுகிறவர்கள் இன்னொரு மோதலைச் சந்திப்பார்கள். இரண்டுமே இயல்பாக 192.168.122.0/24 என்ற வலையமைப்பைத்தான் எடுக்கும். எல்-1இன் வெளி இடைமுகம் ஏற்கெனவே அந்த வரம்பில் முகவரி வாங்கியிருக்கும், உள்ளேயும் அதே வரம்பு. வலையமைப்பு ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது என்று சொல்லி டிஃபால்ட் நெட்வொர்க் தொடங்காது. உள்ளே இருப்பதை 123 என்று மாற்றினால் முடிந்தது.

எல்லாம் ஓடினாலும் வேகம் போதவில்லை என்றால், செலவு எங்கே என்று தெரிந்து பேச வேண்டும். எல்-2வில் ஒரு விஎம் எக்ஸிட் (விஎம்மை நிறுத்தி ஹைப்பர்வைசரிடம் கட்டுப்பாடு போவது) நடந்தால் கட்டுப்பாடு முதலில் எல்-0க்குத்தான் வரும். அது எல்-1இடம் கொடுக்கும். எல்-1 அதைக் கவனிக்கும்போது தொடும் ஒவ்வொரு விஎம்சிஎஸ் விவரத்துக்கும் மறுபடி எல்-0க்குப் போக வேண்டியிருக்கும். ஒன்று பலவாகிறது. ஹேஸ்வெல் தலைமுறையிலிருந்து இன்டெலில் வந்த விஎம்சிஎஸ் ஷேடோயிங் இந்தப் போக்குவரத்தில் பெரும்பகுதியைக் குறைக்கிறது. டர்டில்ஸ் ஆய்வு, வழக்கமான வேலைகளில் ஓரடுக்கு விஎம்மை விட 6 முதல் 8 சதவீதம் வரைதான் பின்தங்குகிறது என்று காட்டியது. ஆகவே கணக்கு மட்டும் போடும் வேலை நெஸ்டெட்டில் படுமோசமாக ஓடினால், அது நெஸ்டெட்டின் இயல்பு என்று விட்டுவிடாதீர்கள், எங்கோ டிசிஜியோ, இபிடி (விஎம்மின் நினைவக முகவரிகளை ப்ராசஸரே மொழிபெயர்க்கும் வசதி) இல்லாத நிலையோ இருக்கிறது. இபிடிக்கும் எல்-1இல் கேவிஎம்-இன்டெல் மாட்யூலின் கீழ் ஓர் அளவுரு உண்டு.

நான் அடுத்துப் பார்ப்பது எல்-2வின் கடிகார மூலம். அது டிஎஸ்சி அல்லது கேவிஎம்-க்ளாக் ஆக இருக்க வேண்டும். எச்பெட் அல்லது ஏசிபிஐ-பிஎம் என்று இருந்தால், நேரம் என்ன என்று ஒரு நிரல் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எக்ஸிட் நடக்கும். டேட்டாபேஸ்கள் நேரத்தை ஓயாமல் கேட்பவை. டிஸ்க்குக்கும் நெட்வொர்க்குக்கும் இரண்டு அடுக்கிலும் விஎம்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓ சாதன வகையைக் கொடுங்கள். இஎஸ்எக்ஸ்ஐயை எல்-1ஆக வைத்தால் மட்டும் அது நடக்காது. அதற்கு விஎம்எக்ஸ்நெட்3 அல்லது இ1000இ நெட்வொர்க் அட்டையும் சாட்டா டிஸ்க்கும் கொடுக்க வேண்டும்.

எல்-1ஐ அப்படியே நினைவகத்தோடு சேமிப்பதிலும், ஓடும்போதே வேறு சர்வருக்கு நகர்த்துவதிலும் கவனம் வேண்டும். உள்ளே எல்-2 ஓடிக்கொண்டிருக்கும்போது இதைச் செய்ய, இன்டெலில் கெர்னல் 5.3, க்யூஎமு 4.2 அல்லது அதற்குப் பிந்தையவை தேவை. ஏஎம்டியில் எல்-2 ஒன்று தொடங்கிவிட்டால், அதை அணைக்கும்வரை எல்-1ஐச் சேமிக்கவோ நகர்த்தவோ கூடாது என்பது கேவிஎம் ஆவணத்தின் எச்சரிக்கை. மீறினால் எல்-1இன் கெர்னலே விழக்கூடும். ஸ்னாப்ஷாட் எடுக்கும் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறவர்கள், அதன் முதல் வரியாக உள்ளே இருக்கும் விஎம்களை அணைக்கும் கட்டளையைச் சேர்த்துவிடுங்கள்.